சத்துணவு ஆயாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி: ஆந்திர எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியம்மா, திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுக்குப் போகும் வழியிலுள்ள ஒரு சிற்றூரின் பள்ளியில், 1982ஆம் ஆண்டு முதல் முப்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலாகச் சத்துணவு சமைத்தவர். அவர் காலமான பதினாறாம் நாள் படத்திறப்புக்காக நான் ஒரு பக்கம் எழுதி, நகல் எடுத்து, வந்தவர்கள் கையில் கொடுத்தேன். "அன்பின் உருவம், பண்பின் சிகரம், தியாகச் சுடர்" என்று அது தொடங்கியது. சென்னை–திருப்பதி சாலையில் லாரி ஓட்டும் ஒருவர், அந்தப் பள்ளியில் படித்தவர், தாளின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் நல்லா இருக்குதுண்ணா, ஆனா இதுல எங்க ஆயாவக் காணோமே" என்றார்.

பிறகு அவரே சொன்னார். மூன்றாம் வகுப்பில் அவர் புளியமரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். அவருடைய அப்பா தறியில் இருந்தார். செய்தி போய்ச் சேரவில்லை. சோறு போட்டு முடித்த கையோடு பெரியம்மா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி, நகரி வழியாகப் புத்தூருக்குப் போய்க் கட்டு போட்டுக் கூட்டி வந்தார். முட்டை வெள்ளைக்கருவும் பச்சிலையும் சேர்த்துக் கட்டும் புத்தூர்க் கட்டைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பையனுக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை, "ஆயா, சத்துணவு முட்டையையா கையில பூசுறாங்க?" என்று அழுகைக்கு நடுவே கேட்டாராம்.

இதைப் பக்கத்தில் நின்று கேட்ட பெரியம்மாவின் மூத்த மகள், எனக்கு அக்கா முறை, வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். அம்மா கடைசி பஸ்ஸுலதான் வந்தாங்க. எங்க போனாங்கன்னு சொல்லவே இல்ல, நான் ரெண்டு நாள் பேசாம இருந்தேன்" என்றார். ஒரே நாளின் ஒரு பாதி பள்ளிக்கூடத்தாரிடமும் மறு பாதி வீட்டாரிடமும் முப்பது ஆண்டுகளாகத் தனித்தனியே கிடந்திருக்கிறது. இத்தகைய பாதிகளைத் தேடிச் சேர்ப்பதுதான் இந்த வேலை. நான் செய்த தவறுகளையும் சேர்த்தே, அதை எப்படிச் செய்வது என்பதை வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதல் வேலை: இரண்டு பட்டியல்

ஒரு நோட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்திலிருந்து வீட்டாரின் பெயர்களையும், பின்பக்கத்திலிருந்து பள்ளிக்கூடத்தாரின் பெயர்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டுப் பட்டியலில் மகன், மகள், மருமக்களோடு நின்றுவிடாமல், அவரோடு பிறந்தவர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவர்கள், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவரோடு வரிசையில் நின்ற அண்டை வீட்டார் ஆகியோரும் இருக்க வேண்டும். பள்ளிப் பட்டியலில் தலைமையாசிரியர்கள் கடைசியில் இருந்தால் போதும். அவர்கள் மாற்றலில் வந்து மாற்றலில் போனவர்கள். நல்லவர்களாகவே இருந்தாலும் அவர்கள் கண்டது சில ஆண்டுகளைத்தான். உடன் வேலை செய்த சமையல் உதவியாளர், சத்துணவு அமைப்பாளர், விறகு போட்டவர், அரிசி மூட்டையை இறக்கிய வண்டிக்காரர், எதிரே பெட்டிக்கடை வைத்திருந்தவர் ஆகியோரே முக்கியமானவர்கள். மாணவர்களைப் பொறுத்தவரை, பத்தாண்டுக்கு இருவர் என்ற கணக்கில் தேடினால் பணிக்காலம் முழுவதற்கும் சாட்சி கிடைத்துவிடும்.

பட்டியல் எழுதும்போதே ஒவ்வொருவரும் அவரை என்ன முறை சொல்லி அழைத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அவர் பெரியம்மா. நகரியில் இருக்கும் சின்னம்மாவின் பிள்ளைகளுக்குப் பெத்தம்மா. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆயா. இந்தக் கடைசிச் சொல்லைத் தெற்கத்திக்காரர்கள் வேலைப் பெயராக மட்டுமே படிக்கக்கூடும். எங்கள் வடமாவட்டங்களில் ஆயா என்றால் பாட்டி. வீட்டில் ஓர் ஆயாவை விட்டுவிட்டு வந்த பிள்ளை பள்ளியில் இன்னோர் ஆயாவிடம் தட்டை நீட்டியது. அலுவலகத் தாளில் "சமையலர்" என்றிருக்கிறது என்பதற்காக உங்கள் கட்டுரையிலும் அந்தச் சொல்லையே முழுக்கப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது: தாள்கள்

பணி நியமன ஆணை, வங்கிக் கணக்குப் புத்தகம், குடும்ப அட்டையின் பழைய பிரதிகள், வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேருங்கள். வீட்டில் நியமன ஆணை இல்லையென்றால், பணிப் பதிவு தொடர்பாக வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் சத்துணவுப் பிரிவைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் படித்த பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்கத் தலைமையாசிரியருக்கு ஒரு விண்ணப்பத்தோடு போவது நல்லது. வெறும் கையோடு போய் நின்றால் வேலை நடக்காது.

எல்லைப்புறத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. திருத்தணி வட்டாரம் 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், எல்லைச் சிக்கலுக்கு நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதே நாளில் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் அந்தப் பக்கம் போயின. ஆகவே 1955இல் பிறந்த ஒருவரைத் "திருவள்ளூர் மாவட்டத்தில் பிறந்தார்" என்று எழுதினால் அது பிழை. அவர் பிறந்தது சித்தூர் மாவட்டம், வளர்ந்தது செங்கற்பட்டு மாவட்டம்; ஊர் திருவள்ளூர் மாவட்டமானது 1997இல்தான். வீட்டை விட்டு நகராமலே இரண்டு மாநிலங்களையும் மூன்று மாவட்டங்களையும் பார்த்த தலைமுறை அது. காமராசர் காலத்து மதிய உணவைப் பற்றியும் கவனம் வேண்டும். அது 1956இல் தொடங்கியபோது இந்த ஊர்கள் சென்னை மாநிலத்தில் இல்லை. எனவே "காமராசர் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்" என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டு, எந்த ஊரில் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பிறந்த தேதியை நம்பவே நம்பாதீர்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதி ஒன்று, குடும்ப அட்டை வயது வேறொன்று, அவருடைய அம்மா சொன்ன கணக்கு மூன்றாவதாக ஒன்று. நான் முதல் தாளில் ஜூன் மாதம் என்று அச்சடித்தேன். அவர் பிறந்தது ஆடிக் கிருத்திகைக்குக் காவடி போன வாரம் என்று சின்னம்மா அடித்துச் சொன்னார். இரண்டையும் எழுதிவிடுங்கள்: "பதிவேட்டின்படி இது, வீட்டார் சொல்படி இது."

மூன்றாவது: கேள்விகள்

முழு வேலையின் தரமும் இங்கேதான் இருக்கிறது. எனவே சற்று நின்று சொல்கிறேன்.

"அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால், "தங்கமானவங்க" என்ற பதில்தான் வரும். சொல்பவர் உண்மையாகவே சொல்கிறார். ஆனால் அதை வைத்துக்கொண்டு எழுதுகிறவரால் ஒரு வரிகூட நகர முடியாது. குணத்தைக் கேட்காதீர்கள், பொருளையும் நேரத்தையும் கையையும் கேளுங்கள். அவர் கையில் எப்போதும் என்ன இருக்கும்? சாவியை எங்கே வைத்திருப்பார்? மணி அடிப்பதற்கு முன் கடைசியாக என்ன செய்வார்? சோறு தீர்ந்துபோன நாள் உண்டா, அன்று என்ன நடந்தது? யாரை அதட்டுவார், என்ன சொல்லி அதட்டுவார்? எதற்காவது அழுததைப் பார்த்திருக்கிறீர்களா?

சாவியைப் பற்றி நான்கு பேரிடம் கேட்டேன். நால்வரும், முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகியிருப்பார் என்றே சொன்னார்கள். ஐந்தாவதாக உதவியாளர் அம்மாவிடம் கேட்டபோது, அந்த முடிச்சில் சாவியோடு ஒரு துண்டு வெல்லமும் இருக்கும் என்றார். காலையில் வெறும் வயிற்றோடு வந்து வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைக்கு அது. ஆசிரியர்களுக்குத் தெரியாது, மகள்களுக்கும் தெரியாது. சேலையை ஊறவைக்கும்போது முந்தானையில் எறும்பு மொய்ப்பது ஏன் என்று மட்டும் அக்காவுக்குக் குழப்பம் இருந்திருக்கிறது.

பிள்ளைகளை எந்த மொழியில் அழைத்தார் என்பதையும் கேளுங்கள். எங்கள் வகுப்புகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பெரியம்மா அதட்டுவது தமிழிலும் கொஞ்சுவது தெலுங்கிலும் என்று வைத்திருந்தார். "தட்ட ஒழுங்காப் புடிடா" என்ற அதட்டல் முடிவதற்குள் "தினு நாயனா" என்று குரல் இறங்கிவிடும். இத்தகைய சொற்களைத் திருத்தாமல், மொழிபெயர்க்காமல், கேட்டபடியே எழுதுங்கள்.

கைபேசியில் பதிவு செய்வதானால், அன்றைக்கே வேறோர் இடத்திலும் ஒரு பிரதியை வையுங்கள். நான் இரண்டு பதிவுகளை அப்படியே வைத்திருந்து, கைபேசி பழுதானபோது இழந்தேன். அவற்றில் ஒன்று விறகு போட்ட தாத்தாவின் குரல். திரும்பக் கேட்கப் போனபோது அவர் இல்லை.

நான்காவது: ஆண்டுகளைப் பொருத்துவது

நினைவுக்கு ஆண்டு தெரியாது. "ரொம்ப நாளைக்கு முன்னாடி" என்பார்கள். சத்துணவுத் திட்டத்தின் தேதிகளையே ஆணியாக அடித்து, சம்பவங்களை அவற்றில் மாட்டிவிடலாம். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று கிராமப்புறங்களில் தொடங்கினார். தொடக்கத்தில் சிறு பிள்ளைகளுக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும்தான். 1983இல் முதியோர் உதவித்தொகை பெறுவோரும் வந்து உண்ணலாயினர். 1984 செப்டம்பர் 15 முதல் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. 1989இல் முட்டை வந்தது, முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்று. 2010இல் அது வாரத்துக்கு ஐந்தாகிவிட்டது.

ஆகவே, "முட்டை வந்த பிறகா, அதற்கு முன்பா?" என்று கேட்டாலே போதும். லாரிக்காரர் மருத்துவக் கட்டின்போது முட்டையைப் பற்றிக் கேட்டார் அல்லவா? அந்தச் சம்பவம் 1989க்குப் பிந்தியது என்பதை அப்படித்தான் உறுதி செய்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவர் எட்டாம் வகுப்பு என்பதையும் சேர்த்துப் பார்த்ததில் 1990 என்று நின்றது. மேல் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டார்களா, தாத்தா பாட்டிகள் சொம்போடு வந்து உட்கார்ந்தார்களா, எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பருக்கு முன்பா என்பவையும் இதே போன்ற ஆணிகள்தான்.

வேலையின் அளவைச் சொல்லவும் கணக்கு உதவும். தொடக்க வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி, மேல் வகுப்புக்கு 150 கிராம் என்பது திட்ட அளவு. 120 சிறு பிள்ளைகள் என்றால் நாளொன்றுக்கு 12 கிலோ அரிசி. அதைக் களைந்து, விறகடுப்பில் உலைவைத்து, கஞ்சி வடிக்க அண்டாவைச் சாய்த்த கைகளைப் பற்றி எழுதும்போது, "அயராது உழைத்தார்" என்பதைவிட "12 கிலோ" என்பது தெளிவாகப் பேசும்.

ஐந்தாவது: படங்கள்

பள்ளிக் குழுப் படங்களில் ஆயாவைத் தேடினால், பெரும்பாலும் அவர் நாற்காலி வரிசையில் இருக்க மாட்டார். எங்களுக்குக் கிடைத்த ஒரே படத்தில் தூணுக்குப் பின்னால் பாதி முகமும் கையில் கரண்டியும் மட்டும் தெரிகின்றன. ஸ்டுடியோவில் கொடுத்து அவருக்குப் பட்டுச்சேலை கட்டி வானத்தில் நிறுத்துவதைவிட, அந்தப் பாதி முகத்தை அப்படியே அச்சிடுவதுதான் சரி என்பது என் கருத்து. வீட்டில் இதற்குச் சண்டை வந்தது, முகப்பில் பட்டுச்சேலையும் உள்ளே கரண்டியுமாகச் சமாதானம் ஆனது. சட்டமிட்ட படத்தைக் கண்ணாடியிலிருந்து எடுத்து, நிழல் விழாத பகல் வெளிச்சத்தில், கேமராவின் ஃபிளாஷ் இல்லாமல் பிடியுங்கள். பின்புறத்தையும் பிடியுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கே இருக்கலாம்.

ஆறாவது: எழுதும் வரிசை

பிறப்பில் தொடங்க வேண்டாம். அவருடைய வேலைநாள் ஒன்றை, விடியற்காலையிலிருந்து இரவு வரை, முதலில் எழுதுங்கள். தறிச்சத்தம் கேட்கத் தொடங்கும் முன் எழுந்து வாசல் தெளித்தது, தண்ணீர் பிடித்தது, கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சோறு கட்டி வைத்தது, பள்ளிக்குப் போய் அரிசியை அளந்து வாங்கியது, மதிய மணி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்தது, வரும் வழியில் கீரை வாங்கியது, மாலையில் மகளுக்குத் தலை பின்னியபடியே பாடம் ஒப்பிக்கச் சொன்னது. வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே அவர் நடந்த அந்தத் தெருவைப் போலவே கட்டுரையும் இரண்டுக்கும் இடையே போய்வர வேண்டும். "குடும்ப வாழ்க்கை", "பணி வாழ்க்கை" என்று இரண்டாகப் பிரித்துத் தலைப்பிட்டீர்களானால், புத்தூர்க் கதையை எந்தத் தலைப்பின்கீழ் வைப்பீர்கள்?

அந்த நாளுக்குப் பிறகு பிறப்பு, திருமணம், வேலைக்குச் சேர்ந்த கதை, பிள்ளைகள், கடைசி ஆண்டுகள் ஆகியவை சுருக்கமாக வரலாம். நோயையும் மருத்துவமனையையும் பற்றி மூன்று வரிக்கு மேல் வேண்டாம். எழுபது ஆண்டு வாழ்ந்தவரைக் கடைசி நாற்பது நாளில் அடைத்துவிடக் கூடாது.

ஏழாவது: எதை விடுவது, எதை எப்படிச் சொல்வது

தம்பி தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்த சிறுமிகள் அந்நாளில் பலர். கணக்கில் இல்லாத அந்தக் கைக்குழந்தைகளுக்கும் பெரியம்மா பிசைந்து கொடுத்தார். இது விதிமீறல் என்று ஒருவர் சொல்லிவிடுவாரோ என்று தயங்கினேன். விசாரித்ததில், அவர் தம் பங்குச் சோற்றைத்தான் கொடுத்தார், வீட்டுக்கு வந்து பழைய சோறு சாப்பிட்டார் என்று தெரிந்தது, எழுதிவிட்டேன். தயக்கம் வந்தால் விடுவதற்கு முன் இன்னும் ஒருவரைக் கேளுங்கள்.

பிள்ளைகளின் பெயரைப் போடாதீர்கள். அன்று பசியோடு வந்தவர் இன்று ஊரில் மதிப்போடு இருக்கலாம்; "மூன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர்" என்பதே போதும். சமைப்பவர் யார் என்று சாதி பார்த்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு போன வீடுகள் உண்டென்றால், அதையும் பெயரின்றி எழுதலாம். அதற்கு அவர் என்ன செய்தார் என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும்.

மனக்குறைகளும் வரும். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு வர வேண்டிய பணத்துக்காக ஓர் அலுவலகத்துக்குப் பல முறை அலைந்தார். ஒவ்வொரு முறையும் வேறொரு தாள் கேட்டார்கள். முதல் வரைவில் அதற்காக ஒரு பக்கம் கொதித்திருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு, "இது உன் கோவம், அம்மாவோடது இல்ல" என்றார். இறுதிப் பிரதியில் ஒரே வாக்கியம் இருக்கிறது: பணம் வந்த நாளில் அவர் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் வாங்கினார், அதற்குள் மூத்த பேரன் சைக்கிளுக்குப் பெரியவனாகிவிட்டான்.

எட்டாவது: அச்சும் பிரதிகளும்

பதினாறாம் நாள் வாசிப்பதற்கு இரண்டு பக்கம் போதும்; ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் போனால் பந்தியில் கவனம் போய்விடும். சிறு புத்தகத்தை அவசரமில்லாமல் தலைத்திவசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்; எங்களுடையது பதினாறு பக்கம். சிறிய அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். ஒருங்குறியில் (யூனிகோடில்) நீங்கள் தட்டிக் கொடுத்ததை அவர்கள் மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறலாம். எனவே அச்சுக்கு முன் மெய்ப்பை வாங்கி, உரக்கப் படித்துத் திருத்துங்கள். படிக்கும்போது வீட்டார் ஒருவரும் பள்ளியில் படித்த ஒருவரும் பக்கத்தில் இருப்பது நல்லது.

நகரிச் சொந்தங்களில் அடுத்த தலைமுறைக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அவர்களுக்காக, வேலைநாள் பகுதியை மட்டும் தெலுங்கு ஆசிரியை ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்கி இணைத்தோம். ஒரு பிரதி பள்ளிக்கு, ஒன்று ஊர் நூலகத்துக்கு, ஒன்று உதவியாளர் அம்மாவுக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்; அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, பேத்தி படித்துக் காட்டினாள்.

பக்கங்களின் ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள். படிக்கிறவர்கள் திருத்தம் எழுதுவார்கள். அக்காவிடம் கொடுத்த பிரதியை ஒரு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தேன். புத்தூர்க் கதை இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "காய்ச்சல் எனக்கு இல்லை, தம்பிக்கு. அன்று இரவுச் சோற்றை நான்தான் வடித்தேன். குழைந்துவிட்டது. அம்மா நன்றாக இருக்கிறது என்றார்." அடுத்த அச்சில் திருத்த வேண்டும்.